நல்ல கடலை சந்தைக்கு… பூசணக் கடலை வீட்டுக்கா?

‘விளைந்த நிலக்கடலையில் 2 மூட்டையை வீட்டுத் தேவைக்கு எடுத்து வைத்தோம். கார்த்திகை மழையில் கூரை ஒழுகி, அடி மூட்டையில் பச்சையாகப் பூசணம் பிடித்துவிட்டது. கழுவிக் காயவைத்து வறுத்துச் சாப்பிடலாமா? இல்லை, செக்கில் கொடுத்து எண்ணெயாக ஆட்டிவிடலாமா? பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் தப்பா?’

மழைக்காலம் முடியும்போது இப்படி ஒரு கேள்வி வராமல் இருப்பதில்லை. மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான்… வேண்டாம். ஆனால், ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால், பாடுபட்டு விளைவித்த கடலையைக் குப்பையில் கொட்ட யாருக்கும் மனசு வராது. ஏன் வேண்டாம் என்பதையும், அடுத்த பட்டத்தில் இந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதையும் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

அதற்கு முன், நம் வீடுகளில் இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். களத்தில் கடலையைத் தரம் பிரிக்கும்போது திரட்சியான காய் சந்தைக்குப் போகும். சுருங்கியது, சொத்தை, உடைந்தது, முளை கட்டியது, நிறம் மாறியது எல்லாம் ஓரமாக ஒதுங்கும். வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து, ‘இது வேண்டாம்’ என்று தள்ளுவதும் அதில் சேரும். அந்தக் குவியல்தான் பெரும்பாலும் வீட்டுக்கு வருகிறது. சட்னிக்கும், பிள்ளைகள் கொறிக்கவும், செக்குக்கும், மாட்டுத் தொட்டிக்கும் போகிறது. காசு கொடுப்பவன் கழித்ததை நாம் உண்கிறோம். ஆபத்து அந்தக் குவியலில்தான் இருக்கிறது.

வான்கோழிகள் காட்டிக்கொடுத்த நஞ்சு

1960-ம் ஆண்டு இங்கிலாந்தில், சில மாதங்களுக்குள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. என்ன நோய் என்றே தெரியாததால், ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில், தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது விசாரணை. பிரேசில் நாட்டிலிருந்து வந்த பிண்ணாக்கு அது. அதில் வளர்ந்திருந்த ‘அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்’ என்ற பூசணம் சுரந்த நஞ்சுதான் வான்கோழிகளின் ஈரலைக் கெடுத்திருந்தது. பூசணத்தின் பெயரிலிருந்தே அந்த நஞ்சுக்கு ‘அஃப்ளாடாக்சின்’ என்று பெயர் வந்தது.

இந்தப் பூசணம் எங்கோ இருப்பதல்ல. நம் காட்டு மண்ணிலேயே இருக்கிறது. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் மாவு படிந்ததுபோல பூக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம் அதற்குச் சொர்க்கம். நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை, மிளகாய் வற்றல் இவையெல்லாம் அதற்குப் பிடித்தமானவை. ஈரத்தோடு குவித்துவைத்தால் நெல், சோளமும் தப்பாது.

1974… மக்காச்சோளம் கொடுத்த பாடம்

நம் நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவம் இது. 1974-ம் ஆண்டு அக்டோபரில், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பருவம் தப்பிய மழை பெய்தது. அறுவடைக்கு நின்ற மக்காச்சோளம் நனைந்தது. அங்குள்ள பழங்குடி மக்களுக்கு அதுதான் அன்றாட உணவு. வேறு தானியம் வாங்க வழியில்லை. பூசணம் பிடித்த சோளத்தையே அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள்.

சில வாரங்களில் கண் மஞ்சளானது. வயிறு நீர்கோத்து வீங்கியது. 150-க்கும் மேற்பட்ட கிராமங்களில் 397 பேர் நோயில் விழுந்தார்கள். 106 பேர் இறந்தார்கள். அதே வீடுகளில் மீதி ரொட்டியைத் தின்ற நாய்களும் இதே மாதிரி வயிறு வீங்கிச் செத்தன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்குபோய்ப் பரிசோதித்து, காரணம் அஃப்ளாடாக்சின்தான் என்று சொன்னார்கள். இதேபோல 2004-ம் ஆண்டு கென்யா நாட்டிலும் மக்காச்சோளத்தால் 317 பேர் பாதிக்கப்பட்டு, 125 பேர் இறந்தார்கள்.

இவையெல்லாம் ஒரே நேரத்தில் அதிக நஞ்சு உள்ளே போனதால் வந்த சாவுகள். இப்படி நடப்பது அபூர்வம். ஆனால், கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் உள்ளே போகும் நஞ்சு சத்தமில்லாமல் வேலை செய்கிறது. அதன் முடிவு, ஈரல் புற்றுநோயாக இருக்கலாம்.

ஈரலில் என்ன நடக்கிறது?

நாம் உண்பதில் இருக்கும் வேண்டாத பொருள்களை உடைத்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. அஃப்ளாடாக்சினையும் அது உடைக்கப் பார்க்கிறது. ஆனால், உடைக்கும்போது வரும் பொருள், முன்னிருந்ததைவிட மோசமானது. அது ஈரல் செல்லுக்குள் இருக்கும் மரபுப்பொருளில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் தாறுமாறாகப் பெருகாமல் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பழுது ஏற்படுத்துகிறது. பிரேக் பிடிக்காத வண்டிபோல செல் பெருக ஆரம்பித்தால், அதுதான் புற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் அஃப்ளாடாக்சினை வைத்திருக்கிறது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

இங்கே இன்னொரு கூட்டாளியும் இருக்கிறான். அவன், ‘ஹெப்படைட்டிஸ்-பி’ என்ற காமாலை வைரஸ். சீனாவின் ஷாங்காய் நகரில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, 1990-களின் தொடக்கத்தில் வெளியானது. இந்த வைரஸும் இல்லாமல், நஞ்சின் தடயமும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். சிறுநீரில் அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு சுமார் 7 மடங்கு. இரண்டும் சேர்ந்து இருந்தவர்களுக்கு கிட்டத்தட்ட 60 மடங்கு! ஒன்றோடு ஒன்று கூடவில்லை, பெருகியிருக்கிறது. கூடவே குடிப்பழக்கமும் இருந்தால், ஏற்கெனவே நொந்துபோன ஈரலுக்கு மேலும் சுமை.

அதனால், இந்த விஷயத்தில் தடுப்பூசியும் களத்து வேலையைப்போலவே முக்கியம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெப்படைட்டிஸ்-பி தடுப்பூசி போட வேண்டும். பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இலவசம். பெரியவர்கள், தங்களுக்கு இந்த வைரஸ் இருக்கிறதா என்று ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இருந்தால் பயப்பட வேண்டாம். மருத்துவர் கண்காணிப்பில் இருங்கள். பூசணக் கடலைக்கு அந்த வீட்டில் இடமே கூடாது.

ஒரே ஒரு பருப்பு போதும்!

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, பதப்படுத்தப் போகும் நிலக்கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரைதான் அஃப்ளாடாக்சின் இருக்கலாம். மைக்ரோகிராம் என்பது 1 கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. 10 டன் கடலை ஏற்றிய ஒரு லாரியைக் கணக்குப் போட்டால், மொத்தமாக 0.15 கிராம்தான் வரும். ஒரு சிட்டிகை உப்பு அளவுகூட இல்லை. ஐரோப்பிய நாடுகளில் நேரடியாக உண்ணும் கடலைக்கு 4 மைக்ரோகிராம்தான் எல்லை. அங்கிருந்து நம் கடலை திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நஞ்சு எல்லாக் கடலையிலும் ஒரே மாதிரி பரவி இருப்பதில்லை. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டில்தான் இருக்கும். ஆனால், அந்த ஒன்றில் மிக அதிகமாக இருக்கும். மோசமாகக் கெட்ட தனிப் பருப்பில், கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்துக்கும் மேல் அளந்திருக்கிறார்கள். 0.4 கிராம் எடையுள்ள அப்படியொரு பருப்பில் 400 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். 15 என்ற எல்லையால் வகுத்துப் பாருங்கள்… 26 கிலோ நல்ல கடலையை எல்லை தாண்ட வைக்க அந்த ஒரு பருப்பு போதும்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. அந்த ஒரு பருப்பைக் கழித்துவிட்டால், மீதிக் கடலை தப்பித்துவிடும். முறத்தில் போட்டுப் பொறுக்குவது வெறும் அழகுக்கான வேலை அல்ல, உயிர்காக்கும் வேலை.

‘நெருப்பில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நினைப்பதும் தவறு. பூசணம் சூட்டில் சாகும். ஆனால், அது சுரந்துவைத்த நஞ்சு சாகாது. 237 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது சிதையத் தொடங்கும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். வறுக்கும்போது ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. கழுவினாலும் போகாது. மேலே தெரியும் பச்சையைத் துடைத்துவிட்டால், உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும்.

காட்டிலேயே தொடங்கும் வேலை

பூசணம் கிடங்கில்தான் வரும் என்று நினைக்கிறோம். கடலையைப் பொறுத்தவரை, மண்ணுக்குள் இருக்கும்போதே உள்ளே புகுந்துவிடும். காய் முற்றும் கடைசி 3 முதல் 6 வாரங்களில் வறட்சி வந்து, மண் சூடானால், ஆபத்து அதிகம். நம் மானாவாரிக் காடுகளில் இதுதான் அடிக்கடி நடக்கிறது.

* அறுவடைக்கு முந்தைய வாரங்களில் வறட்சி வந்தால், கிணற்றிலோ பண்ணைக்குட்டையிலோ இருக்கும் தண்ணீரைக்கொண்டு உயிர்த்தண்ணீராவது விடுங்கள்.

* 40-45-ம் நாளில் மண் அணைக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுங்கள். சுண்ணாம்புச் சத்து கிடைத்தால் ஓடு உறுதியாகும். பூசணம் புகுவது குறையும்.

* 1 கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி வீதம் விதைநேர்த்தி செய்யுங்கள். ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்தும் இடலாம்.

* களைவெட்டும்போது மண்வெட்டி, களைக்கொத்து காயில் படாமல் பாருங்கள். கீறல் விழுந்த காய்தான் பூசணத்துக்கு வாசல். கரையான், காய்ப்புழு துளைத்த காயும் அப்படித்தான்.

* முற்றியதும் பிடுங்கிவிடுங்கள். நான்கு ஐந்து இடங்களில் செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உட்பக்கம் பாருங்கள். முக்கால்வாசிக் காயில் உட்பக்கம் கருத்திருந்தால் பக்குவம். கூலியாள் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டால், முற்றிய காய் மண்ணிலேயே கெடும்.

களத்தில் கவனம்

பிடுங்கிய காயில் சுமார் 40 சதவிகிதம் ஈரம் இருக்கும். அதை 8 சதவிகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு இடைப்பட்ட நாட்கள்தான் பூசணத்துக்குக் கொண்டாட்டம். எனவே, ஈரக்காயைக் குவித்து மூடிவைக்காதீர்கள். செடியைப் பிடுங்கியதும் காய் மேலே பார்க்க, கொடி கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டால் காற்றும் வெயிலும் பட்டு வேகமாகக் காயும். காய் ஆய்ந்த பிறகு, வெறும் மண் தரையில் பரப்பாமல் தார்ப்பாய், சிமென்ட் களம், பாய் இவற்றில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் மூடி, காலையில் மறுபடியும் விரியுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. காயைக் காதோரம் ஆட்டினால், உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். கடித்தால் ‘நறுக்’கென்று உடைய வேண்டும். விதைக்கு என்றால் கடும் உச்சி வெயிலில் காயவைக்க வேண்டாம், முளைப்புத்திறன் போய்விடும்.

செடியைப் பிடுங்கிய பிறகு மண்ணில் தங்கிப்போன காயைப் பொறுக்கி எடுப்போம் அல்லவா… அதை நல்ல காயோடு கலக்கவே கூடாது. பூசணம் ஏறிய காய் அதில்தான் அதிகம்.

இன்னொரு கெட்ட பழக்கம், உடைப்பதற்கு முன் காயின்மீது தண்ணீர் தெளிப்பது. பருப்பு இரண்டாகப் பிளக்காமல் வரும் என்று செய்கிறார்கள். பல நாள் பாடுபட்டுக் காயவைத்ததை ஒரு குடம் தண்ணீர் கெடுத்துவிடும். அப்படி உடைத்த பருப்பை மறுபடியும் காயவைக்காமல் மூட்டை கட்டினால், உள்ளே பூசணம் நிச்சயம்.

சேமிக்கும்போது பருப்பாக வைப்பதைவிட, காயாகவே வைப்பது நல்லது. ஓடுதான் அதற்குக் கவசம். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரப்பலகை அடுக்கி, சுவரில் சாயாமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். நன்றாகக் காயாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால், உள்ளேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா நாட்டில், கடலை சாப்பிடும் 20 கிராமங்களை எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதி ஊர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பெரிய தொழில்நுட்பம் அல்ல. கெட்டதைப் பொறுக்கு, பாயில் காயவை, சணல் சாக்கில் கட்டு, மரப்பலகை மேல் வை, பூச்சி வராமல் பார். அவ்வளவுதான். அறுவடையாகி 5 மாதம் கழித்து ரத்தத்தைப் பரிசோதித்தபோது, மற்ற ஊர்க்காரர்களைவிட இந்த ஊர்க்காரர்களின் உடம்பில் அஃப்ளாடாக்சின் தடயம் பாதிக்கும் கீழே இருந்தது. 2005-ம் ஆண்டு வெளியான ஆய்வு இது. நம் ஊர்க் களத்திலும் செய்யக்கூடிய வேலைகள்தான் அத்தனையும்.

சீனாவின் சீடோங் என்ற ஊரில் நடந்ததும் நம்பிக்கை தரக்கூடியது. மக்காச்சோளத்தையே பிரதானமாக உண்ட அந்த மக்கள், 1980-களில் அரிசிக்கு மாறினார்கள். ரத்தத்தில் நஞ்சின் தடயம் வெகுவாகக் குறைந்தது. பின்னாளில் ஈரல் புற்றுநோய்ச் சாவும் குறைந்தது. குழந்தைப் பருவத்தில் தடுப்பூசி போடப்படாத தலைமுறையினரிடமும் இந்தக் குறைவு தெரிந்தது.

கழித்ததை என்ன செய்வது?

மனசு வராத இடம் இதுதான். வீட்டுக்கு வைத்த 40 கிலோவில் 2 கிலோ கழிந்தால், அந்த 2 கிலோவின் விலை கண்ணில் நிற்கும். ஆனால், அந்த 2 கிலோவை மீதி 38 கிலோவோடு சேர்த்து வைத்தால், 40 கிலோவையும் சந்தேகத்தோடுதான் உண்ண வேண்டும். கழித்ததைக் குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள். அடுத்து கடலை போடப்போகும் காட்டில் உரமாக இடாதீர்கள். பொறுக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

கழிக்கும்போது ஒரே ஒரு விதி போதும். ‘இதை வியாபாரிக்குக் கொடுத்தால் வாங்குவானா?’ என்று கேளுங்கள். வாங்கமாட்டான் என்றால், அது பிள்ளைக்கும் வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

‘செக்கில் ஆட்டினால் நஞ்சு எண்ணெயில் வருமா?’

பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடும். ஒரு பகுதி எண்ணெயிலும், அதில் மிதக்கும் கசடிலும் வரும். பெரிய ஆலைகளில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அந்த வேலை நடப்பதில்லை. செக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்லவில்லை. செக்குக்குப் போகும் பருப்புதான் இருப்பதிலேயே நல்ல பருப்பாக இருக்க வேண்டும். ஆட்டிய எண்ணெயை நன்கு தெளியவைத்து, அடிக்கசடை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

‘பூசணப் பிண்ணாக்கை மாடு தின்றால் பாலில் வருமா?’

வரும். மாடு தின்ற நஞ்சில் சிறு பங்கு, வேறு வடிவத்தில், ஒரு நாளுக்குள்ளேயே பாலில் இறங்கிவிடும். காய்ச்சினாலும் தயிராக்கினாலும் போகாது. பாலுக்கு விதிக்கப்பட்ட எல்லை லிட்டருக்கு சுமார் 0.5 மைக்ரோகிராம்தான். அந்தத் தீவனத்தை நிறுத்தினால், சில நாட்களில் பால் சரியாகிவிடும். மாட்டுக்கும் கேடுதான், தீனி எடுக்காது, பால் குறையும், சினை பிடிப்பதிலும் சிக்கல் வரலாம். கோழி, வாத்துக் குஞ்சுகள் இன்னும் சீக்கிரம் பாதிக்கப்படும்.

‘கடலையில் நஞ்சு இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?’

முடியாது. நஞ்சுக்குத் தனி நிறமோ வாசனையோ இல்லை. பச்சைப் பூசணம், சுருக்கம், நிறமாற்றம், கசப்பு, சிக்கு வாடை இவற்றை அறிகுறியாக வைத்துக் கழிக்கலாம். வாயில் போட்ட கடலை கசந்தால், விழுங்காமல் துப்பிவிடுங்கள். துல்லியமாகத் தெரிய ஆய்வகச் சோதனைதான் வழி. தீவனத்தைச் சோதிக்க, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மூட்டையின் பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்த மாதிரியைக் கொடுங்கள். ஒரே இடத்தில் அள்ளிய கைப்பிடி, உண்மையைச் சொல்லாது.

‘இத்தனை வருஷம் தெரியாமல் சாப்பிட்டுவிட்டோம். இனி என்ன ஆகும்?’

எப்போதோ நாலு கெட்ட கடலையை உண்டதால் புற்றுநோய் வந்துவிடாது. வருஷக்கணக்கில் தொடர்ந்து உள்ளே போவதுதான் ஆபத்து. இன்றைக்கு நிறுத்தினால், அன்றிலிருந்தே ஈரலின் சுமை குறையும். உள்ளே போனதை முறிக்கும் என்று யாராவது மருந்து விற்றால் நம்பாதீர்கள். பசியின்மை, காரணமில்லாமல் எடை குறைவது, வலது விலாவுக்குக் கீழே வலி அல்லது கனம், கண் மஞ்சளாவது, வயிறு நீர்கோத்து வீங்குவது… இவற்றில் எது இருந்தாலும் நாட்டு வைத்தியம் என்று நாளைக் கடத்தாமல், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

‘மிளகாய், கொப்பரைக்கும் இதே கவனம் வேண்டுமா?’

கட்டாயம். மிளகாயை மண் தரையில் காயப்போடாமல் தார்ப்பாயில் போடுங்கள். காம்பு ஒடிந்து உள்ளே கருத்ததைத் தனியே எடுங்கள். கொப்பரையை ஈரப்பதம் 6 சதவிகிதத்துக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். உடைத்த தேங்காய் மழையில் நனைந்தால், அன்றே காயவைக்க வழி பாருங்கள். உட்பக்கம் பச்சை, கறுப்புப் பூசணம் படிந்த கொப்பரையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள்.

இந்தப் பட்டத்துக் கடலையை மூட்டை கட்டும்போது, முதலில் வீட்டுக்கானதை எடுத்துவிடுங்கள். திரட்சியான காயாகப் பார்த்து, தனிச் சாக்கில் கட்டி, பலகை மேல் ஏற்றிவிட்டு, அப்புறம் மிச்சத்துக்கு விலை பேசுங்கள்.